நட்ட நடுவில்

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில்
என் ஸ்கேன் அறை.
கீழே கரும்புச்சாறு மிஷினின் மணி
ஏசி சத்தத்தில் பாதிதான் கேட்கும்.

கடைசியாத் தலைக்கு ஊத்துனது என்னைக்கும்மா?
இங்கே யாரும் தேதி சொல்வதில்லை.
அழகர் ஆத்துல எறங்குன மறுநா, டாக்டர்,
என்றாள் நாகஜோதி.
சித்ரா பௌர்ணமியில் விரல் வைத்து எண்ணினேன்.
ஆறு வாரம், ஒரு நாள்.

கருப்பையின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு இருக்கும்.
தங்க வந்தது அந்தக் கோட்டின் மேல் உட்காராது.
ஒரு பக்கமாய்த் தோண்டி, சுவருக்குள் ஒடுங்கி,
தன்னைச் சுற்றி வெள்ளையாய்க் கரை கட்டிக்கொள்ளும்.
அப்புறம் உள்ளே மோதிரம் போல ஒரு சிறு வட்டம்.
அதைப் பார்த்த பிறகுதான் நானும் மூச்சு விடுவேன்.

பொய்ப்பை அப்படியில்லை.
நட்ட நடுவில் கிடக்கும்,
நீளமாய், காலியாய்,
கல்யாண மண்டபத்தில் எந்த வீட்டு ஆளென்றே தெரியாமல்
முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டவன் மாதிரி.

நாகஜோதிக்கு நடுவில்தான் இருந்தது.

கருவின் பாலினம் இங்கே தெரிவிக்கப்படுவதில்லை
என்ற போர்டுக்குக் கீழே அவள் புருஷன்.
ஆணா பொண்ணான்னு கேக்கல தாயி,
இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க,
என்று நர்ஸ் ரஹ்மத்திடம் கெஞ்சுவது உள்ளே கேட்டது.
இருக்கிறது.
எங்கே என்பதுதான் கேள்வி.

சூலகத்தைக் குடலின் காற்று மறைத்தது.
ரத்தத்தில் பீட்டா பார்த்துவிட்டு
ரெண்டு நாள் கழித்து வா என்று சொல்ல வாய் திறந்தேன்.
எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.
தெரியவில்லை என்று எழுதுவதும் ரிப்போர்ட்தான்.

தோள்பட்டைக்கும் ஏதாச்சும் எழுதிக் குடுங்க டாக்டர்,
என்றாள்.
மூணு நாளாக் கூடை தூக்குறேன்ல, மல்லியப்பூ.

கை நின்றது.
வயிற்றுக்குள் கசியும் ரத்தம்
மேலேறி உதரவிதானத்தைத் தொட்டால்
நரம்பு அந்த வலியைத்
தோளின் முகவரிக்கு அனுப்பிவிடும்.

வயிற்றுப் ப்ரோபை எடுத்து ஈரலுக்குப் போனேன்.
ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே
இருக்கக் கூடாத கருப்பு, மெல்லிய கோடாய்.
மறுபடி கீழே வந்து மெதுவாய்த் தள்ளிப் பார்த்தேன்.
இடது சூலகம் ஒரு பக்கம் நழுவியது.
உருண்டை ஒன்று அதோடு போகாமல்
தனியே நின்றது.

ரஹ்மத், நூத்தியெட்டக் கூப்பிடு.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கேட்டாள்:
எடம்தான தப்பு?
எடுத்துச் சரியான எடத்துல வச்சிர முடியாதா?

முடியாதும்மா, என்றேன்.
பதினாலு வருஷம் ஆகிறது.
இதைச் சொல்ல நல்ல வார்த்தை ஒன்று
இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

யானைமலை, ஒத்தக்கடை, மாட்டுத்தாவணி, பெரியாஸ்பத்திரி.
மனசு வண்டிக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்க
அதே கட்டிலில் விரிப்பை மாற்றி
அடுத்தவளைப் படுக்கச் சொன்னாள் ரஹ்மத்.
ஸ்டெல்லாமேரி. அவளுக்கும் ஆறு வாரம்.
ஓரத்தில் வட்டம், வட்டத்துக்குள் வட்டம்,
அதன் விளிம்பில் அரிசிமணி அளவு ஒரு துடிப்பு.
இங்கே நான் சிரிக்க வேண்டும்.
சிரித்தேன்.

ராத்திரி பத்தரைக்குத் தியேட்டரிலிருந்து போன்:
இடது குழாய். வெடிச்சிருச்சு. ஒண்ணேகால் லிட்டர்.
பொழைச்சுக்கிட்டா.
தட்டில் ஆறிப்போன தோசையை
அப்போதுதான் பிட்டேன்.

பங்குனியில் மறுபடி வந்தாள்.
நான் கேட்பதற்குள்,
தெப்பத்துக்கு முந்துன நா, டாக்டர், என்றாள்.
நாற்பத்தொரு நாள்.
தோள் வலிக்குதா?
இல்ல.
நெசமா?
நெசமாத்தான்.
புருஷன் வெளியே எதுவும் கேட்கவில்லை இந்த முறை.

விளக்கை அணைத்தேன்.
அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.
நான் திரையின் நடுவைப் பார்க்கவில்லை.
ஓரத்திலிருந்து தொடங்கினேன்.